கலிவேட்டையும் மான்வேட்டையும்

சாமிதோப்புத் தலைமைப்பதியில் ஆவணி, தை, வைகாசி மாதங்களில் நடக்கும் 11 நாள் திருநாளில் எட்டாம் நாள் என்ன விசேஷம் என்று சிறு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். அன்று அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் கலிவேட்டைக்கு எழுந்தருளுகிறார். முத்திரிக்கிணற்றின் பக்கம் வேட்டை நடக்கிறது. அதன் பிறகு வாகனம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. மக்கள் சுருள் வைத்து எதிர்கொள்கிறார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஊரே திரள்கிற பெரிய வேட்டை அது. ஆனாலும் அங்கே ஒரு துளி இரத்தம் விழுவதில்லை. ஓர் உயிர்கூட அஞ்சி ஓடுவதில்லை. ஓடுவது கலி ஒன்றுதான்.

இதே தென்னாட்டில் இன்னொரு வேட்டையும் உண்டு. மேற்கு மலை அடிவாரத்து ஊர்களில் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வீட்டில் ஒரு விசேஷம் நெருங்கும்போது, அல்லது வேலை ஓய்ந்த நாட்களில், அண்ணன் தம்பி, மாமன் மச்சான், அடுத்த வீட்டுக்காரர் என்று பத்துப் பேர் சேர்ந்து காட்டுக்குப் போவார்கள். நாய்கள் முன்னே ஓடும். சிலர் ஒரு பக்கம் நின்று சத்தம் போட்டுக் காட்டைக் கலைப்பார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் மறுபக்கம் பதுங்கி நிற்பார். கடமானை இந்தப் பக்கத்தில் மிளா என்பார்கள். நன்றாக வளர்ந்த ஆண் மிளா 200 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒன்று விழுந்தால் பல வீட்டு அடுப்பில் கறி கொதிக்கும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைக் கொல்வது மட்டுமல்ல, அதன் கறியை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும்கூடக் குற்றம். பல ஊர்களில் அந்த வழக்கம் நின்றுபோனது. ஆனாலும் முற்றிலும் நின்றுவிடவில்லை. மிளாக் கறியோடு பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தி இன்றும் அவ்வப்போது நாளிதழில் வருகிறது. பிடிபடாமல் போனது எவ்வளவோ.

சட்டத்துக்குப் பயந்து ஒன்றை விடுவது ஒரு வகை. தர்மத்தை உணர்ந்து விடுவது வேறு வகை. சட்டத்துக்குப் பயந்தவன் இருட்டிவிட்டால் துணிந்துவிடுவான். தர்மத்தை உணர்ந்தவனுக்கு இரவும் பகலும் ஒன்று. ஆகவே அய்யாவின் பிள்ளைகள் இந்தக் காரியத்தைத் தர்மத்தின் பக்கத்திலிருந்து ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

வேட்டைக்காரர் சொல்லும் நியாயம்

முதலில் அவர்கள் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். எதிராளியின் நியாயத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது தர்மம் ஆகாது.

வேட்டைக்குப் போனவர்கள் கறியை ஒளித்துத் தின்றவர்கள் அல்ல. காட்டு ஓரத்திலேயே இலையை விரித்துக் கூறு வைப்பார்கள். கூட வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு. சுட்டவருக்குக் கொஞ்சம் கூடுதல். நடக்க மாட்டாமல் வீட்டில் கிடக்கும் கிழவருக்கு ஒரு கூறு. ஆண் துணை இல்லாத வீட்டுக்கு ஒரு கூறு. ஓடிக் களைத்த நாய்க்கும் அதற்குரிய பங்கு. அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தாலும் வேட்டைக் கூறு மட்டும் வீடு தேடிப் போய்விடும். அந்தச் சாக்கில் பிணக்குத் தீர்ந்த குடும்பங்களும் உண்டு.

இதைச் சொல்லிவிட்டு அவர்கள் கேட்கிறார்கள்: "பகிர்ந்து உண்பதுதானே தர்மம்? தாழ்ந்து கிடப்பவனைத் தாங்குவதுதானே அய்யா சொன்ன வழி? கடையில் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, தான் மட்டும் தின்கிறவனைவிட, காட்டில் கிடைத்ததை ஊருக்கெல்லாம் கொடுக்கிறவன் எந்த வகையில் குறைந்தவன்?"

இது லேசான கேள்வி அல்ல. அவர்களிடம் அன்பு இருக்கிறது, கொடுக்கும் மனம் இருக்கிறது, ஒற்றுமை இருக்கிறது. இவை மூன்றும் அய்யாவழியில் உயர்வாகச் சொல்லப்படுகிறவை. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

யாருடைய பொருளைக் கொடுக்கிறான்?

ஒருவன் தன் தென்னையில் வெட்டிய இளநீரை வழிப்போக்கனுக்குக் கொடுத்தால் அது தர்மம். அடுத்தவன் தென்னையில் வெட்டி அதே வழிப்போக்கனுக்குக் கொடுத்தால் அதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. வாங்கியவனின் தாகம் இரண்டிலும் ஒன்றுதான். கொடுத்தவனின் கையும் ஒன்றுதான். வேறுபாடு கொடுத்த பொருள் யாருடையது என்பதில் இருக்கிறது. தர்மம் கையைப் பார்ப்பதோடு நிற்காது. அந்தக் கைக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கும்.

மானின் உடம்பு யாருடையது? அதை வேட்டைக்காரர் வளர்க்கவில்லை. புல் போடவில்லை, தண்ணீர் காட்டவில்லை. அது தானே மேய்ந்து, தானே அஞ்சி, தானே பிழைத்து வளர்த்த உடம்பு. மனிதனுக்குத் தன் உயிர் எப்படியோ, மானுக்கும் அதன் உயிர் அப்படியே. வேட்டைக் கூற்றில் சுட்டவனுக்குப் பங்கு உண்டு, கலைத்தவனுக்குப் பங்கு உண்டு, நாய்க்கும் பங்கு உண்டு. தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் இழந்த மானுக்கு மட்டும் எந்தப் பங்கும் இல்லை. அதைக் கேட்டவரும் இல்லை.

பெண் மிளா ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். அந்தக் குட்டி நெடுநாள் தாயின் பின்னாலேயே திரியும். இருட்டில் சுடுகிறவனுக்கு எதிரே நிற்பது சினையா, குட்டிக்காரியா என்று தெரியாது. ஊரில் பத்து வீட்டில் பசியாறும் அந்த நேரத்தில், காட்டில் ஒரு குட்டி பால் கேட்டுத் தாயைத் தேடிக்கொண்டிருக்கும். ஓர் இலையில் வைக்கும் சோற்றுக்காக வேறோர் இலையைப் பறிப்பது பகிர்வு ஆகுமா என்று ஒவ்வொருவரும் தம் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொடுக்கிறவன் தன்னிடத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பதைப் பழைய கதைகளும் காட்டுகின்றன. சிபிச் சக்கரவர்த்தியிடம் புறா அடைக்கலம் புகுந்தது. துரத்தி வந்த பருந்து, "எனக்குப் பசி, என் இரையைக் கொடு" என்றது. புறாவையும் காக்க வேண்டும், பருந்தின் பசியையும் ஆற்ற வேண்டும். சிபி தன் தசையை அறுத்துக் கொடுத்தான். கண்ணப்பர் வேடர். இறைச்சி படைத்தார் என்பதைச் சிலர் வேட்டைக்குச் சாட்சியாகச் சொல்வது உண்டு. ஆனால் அவருடைய அன்பு உலகத்துக்கு வெளிப்பட்டது எப்போது? இறைவன் கண்ணில் இரத்தம் கண்டதும் தம் கண்ணையே பெயர்த்து அப்பினாரே, அப்போதுதான். காட்டு விலங்கின் உடம்பைக் கொடுத்த வரையில் அவர் வேடர். தம்மையே கொடுத்தபோது அவர் நாயனார்.

தர்மர் கண்ட கனவு

பஞ்சவர் கதையை அகிலத்திரட்டு அம்மானையும் துவாபர யுகத்து வரலாற்றில் சொல்கிறது. அந்தப் பஞ்சவர் வனவாசத்தில் இருந்தபோது நடந்த ஒரு சம்பவம் மகாபாரதத்து வனபர்வத்தில் இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை.

பாண்டவர்கள் துவைத வனத்தில் தங்கியிருந்தார்கள். கூடவே பெரிய கூட்டமும் இருந்தது. உணவுக்காக மான்களை வேட்டையாடி வந்தார்கள். தங்களுக்கென்று மட்டும் அல்ல, தங்களை நம்பி வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். அதாவது மேலே சொன்ன நியாயம் முழுவதும் அவர்களுக்கும் பொருந்தும். குடும்பமாக வேட்டை, எல்லோருக்கும் பங்கு.

ஓர் இரவு தர்மரின் கனவில் மான்கள் வந்து நின்றன. உடம்பு நடுங்க, கண்ணீரோடு நின்றன. "நீங்கள் யார், என்ன வேண்டும்?" என்று தர்மர் கேட்டார். "உங்கள் தம்பிமார் கையில் மாண்டவை போக மிஞ்சியவர்கள் நாங்கள். இப்போது விதைக்கு வைத்த தானியம்போல் சில பேர்தான் இருக்கிறோம். நாங்களும் அழிந்துவிட்டால் எங்கள் குலம் இருக்காது. நீங்கள் இடம் மாறிப் போனால் நாங்கள் பெருகுவோம்" என்று முறையிட்டன. விழித்தெழுந்த தர்மர் தம்பிமாரைக் கூட்டி, "ஓராண்டும் எட்டு மாதமும் இவற்றைத் தின்று வாழ்ந்துவிட்டோம். இவற்றின்மேல் இரக்கம் வைக்க வேண்டும்" என்று சொல்லி, அந்த வனத்தை விட்டுக் காம்யக வனத்துக்குப் போய்விட்டார்.

தர்மர் அன்றோடு வேட்டையையே விட்டுவிட்டார் என்று பாரதம் சொல்லவில்லை. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. அவர் க்ஷத்திரியர், வேட்டை அவர் குலத்துக்கு விலக்கப்பட்டதும் அல்ல. அப்படிப்பட்டவரே, பசித்த கூட்டத்தை வைத்துக்கொண்டே, வாயில்லாத ஒன்றின் வழக்கைக் கேட்டு எழுந்து போனார் என்பதுதான் இதில் பாடம். பங்கு வாங்கியவர்கள் எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள். பங்கு கிடைக்காத ஒன்றின் அழுகைதான் அவரைத் தூங்க விடவில்லை. தர்மர் என்ற பெயர் அவருக்குத் தகும் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

அன்று கனவில் கேட்ட முறையீடு இன்று நேரிலேயே கேட்கிறது. தாமிரபரணிக் கரைக்கு அருகே வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்களுக்கென்று 1987இல் சரணாலயம் வைத்தார்கள். அதன் பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் தென்பாண்டிச் சீமையின் வெட்டவெளிகளில் துள்ளித் திரிந்த இனத்துக்கு அந்தப் பக்கத்தில் இன்று அந்தச் சிறு குன்றுதான் புகலிடம். களக்காடு, முண்டந்துறைக் காடுகளைச் சேர்த்து 1988இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். குமரி மாவட்டத்துக் காடும் 2008இல் சரணாலயம் ஆனது. அழியும் நிலை வந்த பிறகுதானே அரசாங்கம் வேலி கட்ட வருகிறது.

ஆயுதம் இல்லாதவனோடு போர் இல்லை

அகிலத்தில் கலியன் பிறந்து வந்தபோது நடந்ததை அன்பர்கள் ஏடுவாசிப்பில் கேட்டிருப்பார்கள். நாராயணர் பண்டார வேடத்தில் கலியன் முன்னே வந்து அவனைப் போருக்கு அழைக்கிறார். கலியன் பார்க்கிறான். எதிரே நிற்பவரிடம் படை இல்லை, ஆயுதம் இல்லை. இப்படிப்பட்ட பண்டாரத்தோடு சண்டை போடுவது தனக்கு அழகில்லை என்று சொல்லிவிடுகிறான். பண்டாரத்தைத் துன்புறுத்துவதில்லை என்று ஆணையும் இடுகிறான். பிற்பாடு அய்யா வைகுண்டர் பண்டார வடிவில் வந்ததன் பொருள் அந்த ஆணையில்தான் இருக்கிறது.

கலியனே ஒப்புக்கொண்ட ஒரு நியாயம் அது. கையில் ஒன்றும் இல்லாதவனை அடிப்பது வீரம் ஆகாது. மானுக்கு என்ன ஆயுதம் இருக்கிறது? ஆண் மிளாவுக்குக் கொம்பு உண்டுதான். ஆனால் தூரத்தில் தள்ளி நின்று சுடும் குண்டுக்கும், பாதையில் புதைத்த சுருக்குக் கம்பிக்கும் எதிரே அந்தக் கொம்பு என்ன செய்யும்? அதற்கு இருப்பது நான்கு கால்களும் அச்சமும்தான். வேட்டைக்குப் போய் வந்தவன் மீசையை முறுக்கும்போது, கலியனே செய்யக் கூசிய ஒன்றைத் தான் செய்திருப்பதை அவன் அறிவதில்லை.

இராவேட்டை இன்னும் மோசமானது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒளி கண்ணில் பட்டதும் மான் ஓடாமல் திகைத்து நின்றுவிடும். நின்ற இடத்திலேயே சுடுவார்கள். பதியிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறையில் அன்பர்கள் விளக்கேற்றி, கண்ணாடி வைத்துக் கும்பிடுகிறார்கள். மனிதன் தன்னையும் தன்னுள் இருக்கும் இறைவனையும் காண்பதற்கு ஏற்றிய ஒளி அது. அந்த ஒளியையே ஓர் உயிரை ஏமாற்றிக் கொல்வதற்குப் பிடித்தால், விளக்கை வணங்கும் கைக்கு அது பொருந்துமா?

அய்யாவை நாடி வந்த மக்களின் பழைய நிலையையும் நினைக்க வேண்டும். தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கு வரி, தளைநாருக்கு வரி என்று திருவிதாங்கூரில் அவர்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். கூலி இல்லாத ஊழியத்துக்கு ஓட ஓட விரட்டினார்கள். கேட்க நாதி இல்லாமல் அஞ்சி வாழ்ந்தார்கள். வலியவன் எளியவனைத் தன் இரையாக நினைப்பதுதான் கலி என்று அய்யா அவர்களுக்குக் காட்டினார். ஒரு காலத்தில் வேட்டையாடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தங்களைவிட எளிய ஒன்றைக் கண்டதும் வேட்டைக்காரர் ஆகிவிட்டால், கலி தோற்றதா வென்றதா?

பசியும் ருசியும்

"அப்படியானால் மலையில் வாழ்ந்த காணிக்காரர்கள் எல்லோரும் பாவிகளா?" என்று ஒருவர் கேட்கலாம். அப்படிச் சொல்ல இங்கே யாருக்கும் உரிமை இல்லை. கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும், கிடைத்த நாளில் வேட்டையாடியும் அவர்கள் காட்டில் பிழைத்தார்கள். பசிக்காக ஒருவன் ஒன்றைச் செய்தால் தர்மம் முதலில் அவனைப் பிடித்து நிறுத்துவதில்லை. அவனைப் பசிக்க விட்டவர்களைத்தான் முதலில் கேட்கும்.

ஆனால் இன்று மான் கறி தேடுவது பசியா? ரேஷன் அரிசி வீட்டுக்கு வருகிறது. மரச்சீனியும் தேங்காயும் மீனும் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. இன்று வேட்டைக் கறிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ருசி, பெருமை, காசு. விருந்துக்கு வந்தவரிடம் "இது மிளா" என்று காதோடு காதாகச் சொல்வதில் ஒரு கர்வம். வாங்க ஆள் இருப்பதால்தான் விற்க ஆள் வருகிறான் என்பதை வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறார். துப்பாக்கியைத் தொடாதவனும் காசு கொடுத்த அளவுக்கு அந்த வேட்டையில் கூட்டாளிதான்.

காட்டில் உண்மையாகவே மான் போன்ற விலங்குகளைத் தவிர வேறு வழி இல்லாதது புலி. அதற்குச் சோறும் பயறும் கொடுத்தால் உண்ணாது. பல முறை பாய்ந்தால் ஒரு முறைதான் இரை அகப்படும். மனிதன் மானை எடுத்துக்கொண்டால் புலி பட்டினி கிடக்கும், அல்லது ஊருக்குள் மாட்டைத் தேடி வரும். மான் குறைந்தால் காட்டுக்கும் குறைவு. காட்டு நெல்லிக்காயைத் தின்று கொட்டையை வேறு வேறு இடத்தில் போட்டு, நெல்லி முளைக்க உதவுகிறவற்றில் மானும் ஒன்று. அந்தக் காட்டிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரில்தான் அடிவாரத்து வயல் விளைகிறது.

திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அய்யாவைச் சிறை வைத்திருந்தபோது, பட்டினி போட்ட புலியை அவர்மேல் ஏவிய வரலாறு எல்லோருக்கும் தெரியும். பசியில் துடித்த புலி அய்யாவின் முன்னே அடங்கிப் பணிந்தது. வேறு உணவே அறியாத ஒரு விலங்கு, கடும்பசியிலும், அய்யாவின் சந்நிதியில் தன் வாயைக் கட்டிக்கொண்டது. வயிறு நிறைந்த மனிதன் அதே அய்யாவை நெற்றியில் நாமமாக இட்டுக்கொண்டு ருசிக்காகக் கொல்லப் புறப்பட்டால், அந்தப் புலிக்கு முன்னே அவன் எப்படி நிமிர்ந்து நிற்பான்?

கோழி தின்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி

இங்கே இன்னொரு கேள்வி வரும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "கூண்டில் அடைத்து வளர்த்த கோழியை வாரந்தோறும் வாங்கித் தின்கிறவர் மிளாக் கறியைப் பழிக்கலாமா? அந்தக் கோழி ஒரு நாளாவது மண்ணைக் கிளறியிருக்குமா? மான் கடைசி நிமிஷம் வரை சுதந்திரமாகவாவது வாழ்ந்ததே!"

சொல்வது உண்மைதான். அய்யாவழி மக்களில் பலர் பதிக்குப் போகும்போதும் திருநாள் காலத்திலும் விரதம் இருந்து, மற்ற நாளில் கறியும் மீனும் உண்கிறவர்களே. அதை ஒளித்து வைத்துக்கொண்டு வேட்டைக்காரரை மட்டும் இழிவாகப் பேசினால் அது நேர்மை ஆகாது. ஆனால் ஒரு தவறு இன்னொரு தவறுக்குச் சாட்சி சொல்ல முடியாது. இரண்டு பேர் கடன்பட்டிருந்தால் ஒருவர் கடன் மற்றவர் கடனால் அடைபடுவதில்லை. கோழி தின்கிறவருக்கு இந்தக் கேள்வி ஒரு கண்ணாடி. அதில் முகம் பார்த்து, திருநாள் விரதத்தை வாரத்தில் ஒரு நாளுக்கு, பிறகு இரண்டு நாளுக்கு நீட்டிக்கொள்ளலாம். ஆடு, கோழி பலியை அய்யா விலக்கியபோது, தெய்வத்தின் பெயரால் உயிரைக் கொல்வதை அந்த மக்கள் நிறுத்தினார்கள். வயிற்றின் பெயரால் கொல்வதையும் படிப்படியாகக் குறைப்பது அதே பாதையில் அடுத்த அடி.

விவசாயி சொல்வதையும் கேட்க வேண்டும். பன்றியும் மிளாவும் இறங்கி ஓர் இரவில் வாழையையும் மரச்சீனியையும் நாசம் பண்ணிவிட்டுப் போனால் அந்த வயிற்றெரிச்சல் அவருக்குத்தான் தெரியும். விளைச்சலைக் காப்பது அவர் கடமை. வேலி கட்டலாம், இராக்காவல் இருக்கலாம், வனத்துறையிடம் எழுதிக் கொடுத்து இழப்பீடு கேட்கலாம். இழப்பீடு தாமதமானால் ஊரே சேர்ந்து போய்க் கேட்கலாம். தனி ஆளாக அவரை அலைய விடுவது ஊருக்குத்தான் குறை. ஆனால் வயலைக் காப்பது ஒரு காரியம், அதைச் சாக்காக வைத்து விருந்துக்குக் கறி தேடுவது வேறு காரியம். இரண்டையும் அவரவர் மனம் பிரித்து அறியும்.

வாசலுக்கு வந்த கூறு

எல்லாவற்றிலும் கடினமான இடம் இதுதான். பெரியப்பா மகன் வேட்டைக்குப் போய் வந்திருக்கிறார். மதினி ஒரு பாத்திரத்தில் கறியை மூடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறார். வாங்கினால் தர்மத்துக்குப் பிழை, சட்டத்துக்கும் பிழை. வாங்காவிட்டால் உறவுக்குப் பிழை. என்ன செய்வது?

வாங்காமல் இருக்கலாம், வருத்தாமல் இருக்க வேண்டும். "இந்தப் பாவத்தை என் வீட்டுக்குக் கொண்டு வராதே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதும் ஒருவகை வேட்டைதான். அந்தச் சொல் தைப்பது மனித மனத்தில். அன்போடு கொண்டுவந்த கையை மதித்து, உள்ளே அழைத்து உட்கார வைத்து, "மதினி, உங்கள் அன்பு எங்களுக்குப் போதும். இந்தக் கறியை நாங்கள் சமைப்பதில்லை என்று வைத்திருக்கிறோம்" என்று தாழ்மையாகச் சொல்லலாம். அவர் வந்த கை வெறுங்கையாகத் திரும்பாமல் இரண்டு தேங்காயோ ஒரு சீப்புப் பழமோ கொடுத்து அனுப்பலாம். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் அவர்களுக்கே புரியும். ஒரு வீடு வாங்காவிட்டால் ஒரு கூறு குறையும். பத்து வீடு வாங்காவிட்டால் காட்டுக்குப் போவதற்கே காரணம் இருக்காது. துப்பாக்கி வைத்திருப்பவனிடம் சண்டைக்குப் போகாமலே வேட்டையை நிறுத்தும் வழி இது.

வீட்டுப் பிள்ளைகளை இதில் மறக்கக் கூடாது. இளைஞன் முதல் முதலில் வேட்டைக்குப் போவது கறிக்காக அல்ல. அண்ணன்மார் அழைக்கிறார்கள், இரவில் காட்டில் நடக்கும் துணிச்சல், நாலு பேரோடு சேர்ந்திருக்கும் சந்தோஷம், ஊர் பேசும் பெயர். இவற்றுக்காகத்தான் போகிறான். "போகாதே" என்று மட்டும் சொன்னால் அவன் கேட்கமாட்டான். அந்தக் கூட்டமும் துணிச்சலும் பெயரும் வேறு இடத்தில் அவனுக்குக் கிடைக்க வேண்டும்.

ஒருவருக்கும் குறையாத கூறு

அந்த வேறு இடத்தை அய்யா முன்பே காட்டிவிட்டுப் போயிருக்கிறார். வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தபோது 700 குடும்பங்கள், பெண்டு பிள்ளைகளோடு, ஒன்றாக வாழ்ந்தன. நாள்தோறும் மூன்று வேளை குளித்துத் துணி துவைத்து, மரக்கறி உணவை ஒரு வேளை உண்டு, அய்யாவை நினைத்து இருந்தார்கள். குடும்பமும் அயலாரும் சேர்ந்து இருப்பதற்கு அதைவிடப் பெரிய கூட்டம் எது? ஒரே கஞ்சியை எல்லோரும் பங்கிட்டார்கள். அந்தப் பங்கில் அழுதவர் யாரும் இல்லை. எந்தக் குட்டியும் தாயை இழக்கவில்லை.

இன்றும் அது தொடர்கிறது. பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த நித்தப்பால், உம்பான் சோறு, நிழல்தாங்கல்களில் நடக்கும் அன்னதர்மம் எல்லாம் அதே பங்குதான். நிலம் கொடுத்ததை, கை உழைத்ததை, மனம் விரும்பிக் கொடுக்கிறது. வாங்குகிறவன் வயிறும் நிறைகிறது, கொடுத்தவன் மனமும் நிறைகிறது. வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில், இருப்பதைப் பங்கிட்டுக் கொள்வதையும் பிற உயிர்களைக் காப்பதையும் ஒரே குறளில் இணைத்து, நூல்கள் சொன்ன அறங்களுக்கெல்லாம் தலையானது என்று வைத்தார். ஒன்றை விட்டு மற்றொன்று நிற்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நிழல்தாங்கல்களில் அடுப்பு மூட்ட, விறகு பிளக்க, நூறு பேருக்குக் காய்கறி நறுக்க, நடுச்சாமம் வரை பந்தியில் பரிமாற இளைஞர்கள் வேண்டும். வாகனம் சுமக்கத் தோள் வேண்டும். காட்டில் தீப் பிடித்தால் அணைக்க ஓடும் கால்கள் வேண்டும். துணிச்சலுக்கும் கூட்டத்துக்கும் அங்கே குறைவில்லை. அண்ணன்மார் தம்பிமாரை அங்கே அழைத்துப் போகட்டும்.

எட்டாம் நாள் அய்யா வாகனம் ஏறும்போது, வேட்டையாடப்படும் கலி எங்கோ வெளியே நிற்பதாக யாரும் நினைக்க வேண்டாம். எளியதைக் கண்டால் இரையாகப் பார்க்கும் கண்ணில் அது இருக்கிறது. "எல்லோரும்தானே செய்கிறார்கள்" என்று சமாதானம் சொல்லும் நாக்கில் இருக்கிறது. ருசிக்கு நியாயம் தேடும் அறிவில் இருக்கிறது. பிறர் கறியைப் பழித்துத் தன் கறியை மறைக்கும் நெஞ்சிலும் இருக்கிறது. அதை விரட்டுவதற்குத் துப்பாக்கி வேண்டாம், நாய் வேண்டாம், இருட்டு வேண்டாம். பொறுமை வேண்டும், தினந்தோறும் தன்னைத்தானே பார்க்கும் கண்ணாடி வேண்டும். அந்த வேட்டைக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான், அயல்வீட்டார் எல்லோரும் சேர்ந்தே போகலாம். அதில் கிடைப்பதை எத்தனை பேருக்குக் கூறு வைத்தாலும் ஒருவருக்கும் குறையாது.

அய்யா உண்டு